பெயர் மட்டும் போதும்

அத்தியாயம் பதினொன்று

பாகம் பிரித்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார்கள். கதவை மெதுவாகச் சாத்துவார்கள். 'நீ சாப்பிட்டியா' என்று இரண்டு தடவை கேட்பார்கள். பட்டன் கடைக் குடும்பத்தில் அந்த மரியாதை இன்னும் தீரவில்லை.

பெரியவர், அதாவது அப்பா, இறந்து வருஷம் திரும்பியதும் என்ன நடந்தது என்று பார்த்தோம். கடையும் குடோனும் அண்ணனுக்கு. வீடு அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு, பிறகு அதுவும் அண்ணனுக்கு. சின்னவளுக்கு?

"அவளுக்குத்தான் படிப்பைக் குடுத்தாச்சே" என்றாள் அம்மா.

படிப்பு என்பது தையல் மெஷின் மாதிரி, ஒரு தடவை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பேச்சே இல்லை என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. சின்னவள் வாயைத் திறக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தை எல்லோரும் 'சரி' என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு யார் வாயிலும் வராத பொருள் ஒன்று இருந்தது. கடையின் இணையப் பெயர், டொமைன் என்பார்களே அது.

கல்லூரியில் படிக்கும்போது சின்னவள் தன் பெயரில் பதிந்து வைத்தது அது. "காத்துல போய் எவனாவது கடை போடுவானா?" என்று பெரியவர் சிரித்தார். பிறகு காற்றிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. சட்டைத் தொழிற்சாலைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே மூட்டை மூட்டையாகப் பட்டனும் ஜிப்பும் கேட்டார்கள். அதே பெரியவர் விசிட்டிங் கார்டில் தன் பெயருக்கு மேலே அந்த இணையப் பெயரை அச்சடித்துக்கொண்டார். பதிந்தவள் யார் என்பதைக் கார்டில் போட இடம் இல்லை.

இன்று வியாழக்கிழமை.

சின்னவளின் உத்தியோகம் என்னவென்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ எழுதறா" என்பாள் அம்மா. "மெஷினுக்கு டியூஷன் எடுக்கறா" என்று அண்ணன் கிண்டலடிப்பான். வேடிக்கை என்னவென்றால், கிண்டலாகச் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவளுடைய கம்பெனி ஒரு கருவி செய்திருந்தது. ஏதாவது ஓர் இணையப் பெயரைக் கொடுத்தால், பதிவேடுகளில் போய் விசாரித்து வந்து சொல்லும்: எந்தக் கம்பெனி வழியாகப் பதிந்தது, எப்போது பிறந்தது, எப்போது காலாவதி, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, யாருடையது. இந்தக் கருவியை மனிதர்கள் தொடப்போவதில்லை. ஏஐ ஏஜென்ட்டுகள்தான் பயன்படுத்தும். முதலாளி 'இதை விசாரித்து வா' என்றால் ஓடிப்போய் விசாரித்து வரும் புதுவகைத் தரகர்கள். கமிஷன் கேட்காது, பொடி வைத்துப் பேசாது.

அந்தத் தரகர்கள் படிக்க வேண்டிய விளக்கப் பக்கத்தை எழுதுவதுதான் சின்னவளின் வேலை. கருவியை எப்போது கூப்பிட வேண்டும், வருகிற பதிலில் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது.

மனிதனுக்கு விளக்கம் எழுதினால் அவன் படிக்கமாட்டான். இது ஒவ்வொரு வரியையும் படிக்கும், படித்ததையெல்லாம் நம்பும். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அவளுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

பக்கம் இன்று சாயங்காலம் வெளியாக வேண்டும். கருவியைச் செய்த பொறியாளர் காலையிலேயே நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆபீசில் எல்லோரும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தாடியை எடுத்து வருஷக்கணக்கானாலும் பெயர் போகவில்லை.

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?" என்றான் தாடி.

வெள்ளோட்டத்துக்கென்றே யாருக்கும் சொந்தமில்லாத மாதிரிப் பெயர் ஒன்று உண்டு. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை மாதிரி, எது போட்டாலும் பொருந்தும், எதுவும் உயிரோடு தெரியாது. சின்னவள் எப்போதும் தன் பட்டன் கடையின் பெயரைத்தான் போட்டுப் பார்ப்பாள். பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வித்தியாசமாக வந்தால் தப்பு கருவியில் என்று உடனே பிடித்துவிடலாம்.

பெயரை அடித்தாள். 'இந்தப் பெயரை வாங்கலாமா, விசாரித்துச் சொல்' என்று ஏஜென்ட்டைக் கேட்டாள்.

பதில் வந்தது: 'இந்தப் பெயர் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் என்று யாரும் இல்லை. வாங்குவதற்குத் தடையாக எதுவும் தெரியவில்லை.'

சின்னவள் அடித்த பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள்.

"கருவியில தப்பா?" என்றாள்.

தாடி உள்ளே போய்ப் பார்த்தான். "கருவி சரியாத்தான் கொண்டு வந்திருக்கு. நிலைங்கற இடத்துல 'பெண்டிங் டிரான்ஸ்ஃபர்'னு இருக்கு. யாரோ மாத்திக் கேட்டிருக்காங்க, இன்னும் முடியல. உரிமையாளர்ங்கற இடத்துல 'மறைக்கப்பட்டது'ன்னு வந்திருக்கு. எல்லாருக்கும் அப்படித்தானே வரும்."

"அதை யாரும் இல்லைன்னு சொல்லுதே?"

"ஏஜென்ட் மேல தப்பில்லீங்க. நீங்க எழுதினதைத்தான் திருப்பிச் சொல்லுது."

எழுதியதை எடுத்துப் பார்த்தாள். இருந்தது. 'உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருந்தால், விவரம் இல்லை என்று கொள்க.' போன வாரம் தலைவலியோடு எழுதிய வரி. மறைத்திருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றா? அந்த வீட்டில் பிறந்தவளே அப்படி எழுதியிருக்கிறாள்.

"யார் கடை இது?" என்று கேட்டான் தாடி.

"தெரிஞ்சவங்க கடை."

பெயர் மாறுகிற முறை அவளுக்கு மனப்பாடம். அதையும் அவளேதான் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள். மாற்றிக் கேட்பதற்கு ஒரு ரகசிய எண் வேண்டும். அது உரிமையாளரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். மாற்றம் கேட்டதும் அதே மின்னஞ்சலுக்கு ஓர் அறிவிப்பு போகும். வேண்டாம் என்றால் சில நாளுக்குள் மறுக்கலாம். மறுக்காமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அதை இரண்டாம் தடவை படித்தாள்.

பதிவில் அவள் கொடுத்திருப்பது கடையின் மின்னஞ்சல். அது அம்மாவின் போனில் இருக்கிறது. ஆர்டர் வந்தால் படித்து அண்ணிக்குச் சொல்வதற்காக, சின்னவளே போட்டுக் கொடுத்தது.

அம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதற்குள் வாசல் மேஜையிலிருந்து அழைப்பு. "உங்க அண்ணன்னு ஒருத்தர் வந்திருக்கார். கையில ஆப்பிள் வச்சிருக்கார்."

இத்தனை வருஷத்தில் அண்ணன் அந்த ஆபீஸ் இருக்கும் தெருப் பக்கம்கூட வந்ததில்லை. இப்போது ஆப்பிளோடு வந்திருந்தான்.

கீழே கேன்டீனில், காபி மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் கூரை விளக்கையும் நாற்காலியையும் கண்ணாலேயே விலை போட்டு முடித்தான். கடைக்காரக் கண்.

"நல்லா இருக்கே உன் ஆபீஸு. சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே."

"இப்ப கேக்கறேன்ல? என்ன எழுதற இப்போ?"

சின்னவள் காபியைக் கலக்கினாள். சர்க்கரை போடவில்லை, ஆனாலும் கலக்கினாள். "எதுக்குண்ணா வந்த?"

அண்ணன் ஆப்பிள் பையை அவள் பக்கமாக நகர்த்தினான். "ஒரு நல்ல பார்ட்டி வந்திருக்காங்க. நம்ம கடைக்கு. பெரிய கம்பெனி. எல்லாம் பேசி முடிச்சாச்சு. அவங்க இப்பல்லாம் ஆள் வச்சு விசாரிக்கறதில்லையாம். ஏதோ ஏஜென்ட்டாம், கம்ப்யூட்டர்ல. அதுதான் போய்ப் பார்த்துட்டு வந்து 'சுத்தம்'னு சொல்லணுமாம். அது எந்த டூல்ல பார்க்கும்னு கேட்டேன். உன் கம்பெனி பேரைச் சொல்றான்! எனக்கு ஒரே பெருமை."

"பெருமைப்படவா இவ்வளவு தூரம் வந்த?"

"இன்னைக்குப் புதுசா ஒரு பக்கம் போடறீங்களாமே. ஏஜென்ட்டு அதைப் படிச்சுட்டுத்தான் பேசுமாம். அதுல 'பெண்டிங்'னு இருந்தா என்ன சொல்லணும்னு நீதானே எழுதற?"

ஆக, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான். சின்னவள் காபியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"மாத்திக் கேட்டது நீயா?"

"நான்தான். வேற யாரு கேப்பா? கடை என்னுது."

"பேர் என்னுது."

"சரி, ஒரு பேச்சுக்கு உன்னுதுன்னே வச்சுக்குவோம். சண்டை வேண்டாம். நீ என்ன எழுதியிருக்க, அதைச் சொல்லு."

"திருத்தி எழுதப் போறேன். 'மாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது. இன்னும் முடியவில்லை. உரிமையாளர் மறுக்கலாம்.'"

"மறுக்கலாம்ங்கறதை எடுத்துடு."

"அது உண்மைண்ணா."

"உண்மைதான். இல்லைன்னு யார் சொன்னா? இருக்கற உண்மையை எல்லாம் ஷோகேஸ்லயா அடுக்குவாங்க? குடோன்ல வை. கீழ எங்கயாவது, சின்ன எழுத்துல."

"ஏஜென்ட்டுக்கு மேல கீழ கிடையாது. எல்லாத்தையும் படிக்கும்."

"அப்ப 'இன்னும் முடியவில்லை'ங்கறதை மாத்து. 'முடியற கட்டத்துல இருக்கு'ன்னு போடு. அர்த்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா எதுக்கு மாத்தச் சொல்ற?"

அண்ணன் சிரித்தான். நல்ல சரக்கைக் கண்டால் வியாபாரி சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "அப்பா ரத்தம்டி நீ. சரி, நடுவுல வரேன். 'விரைவில் முடியும்.' இதுக்கு மேல என்னால இறங்க முடியாது."

பட்டன் விலையில்தான் அண்ணன் இப்படி ஏறி இறங்கி அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வாக்கியத்துக்கு அவன் பேரம் பேசுவதை இன்றுதான் பார்க்கிறாள். அவள் எழுதியதை இதுவரை அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை. இன்று முதல் தடவையாக ஒருத்தன் சொல் சொல்லாக எடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கிறான். அதுவும் குறைக்கச் சொல்லி.

"முடியாது" என்றாள்.

அண்ணன் எழுந்தான். சாவியை எடுத்தான். கேன்டீன் வாசல் வரை நடந்தான். கூப்பிடுவாள் என்று காத்திருக்கும் நடை. கடையில் வாடிக்கையாளர்கள் தினமும் நடந்து காட்டுவது. சின்னவள் கூப்பிடவில்லை. ஆப்பிள் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனே திரும்பி வந்து உட்கார்ந்தான். முகம் மாறியிருந்தது.

"உனக்கு நிலைமை புரியல. அவங்களுக்குக் கட்டடம் வேண்டாமாம். சரக்கு வேண்டாமாம். அப்பா சேர்த்து வச்ச டிராயர் டிராயரான பட்டன், ஒண்ணுகூட வேண்டாமாம். எடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டான் என் மூஞ்சிக்கு நேரா. பேர் மட்டும் போதுமாம்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

எல்லாவற்றையும் பிரித்தார்கள். டிராயரை, குடோன் பூட்டை, பெரியவரின் சுழல்நாற்காலியைக்கூட. பிரிக்கவே தோன்றாமல் விட்ட ஒன்றுக்குத்தான் இப்போது சந்தையில் ஆள் நிற்கிறது.

"எதுக்குச் சிரிக்கற?"

"ஒண்ணுமில்ல. சரிண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். அதைச் செஞ்சுட்டா பேரை நானே உனக்கு மாத்திக் குடுத்துடறேன். ஒரு பைசா வேண்டாம்."

அண்ணன் முன்னால் சாய்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட உக்காருவோம்ல. அங்க அம்மா முன்னாடி, அண்ணி முன்னாடி சொல்லு. 'இந்தப் பேரு சின்னவளோடது. அவ ஆரம்பிச்சது. அவ குடுத்தா வாங்கிக்கறேன்.' அவ்வளவுதான்."

அண்ணன் பின்னால் சாய்ந்தான்.

"அது எதுக்கு இப்போ? வேணும்னா உனக்கு ஒரு தொகை போட்டு…"

"தொகை கேக்கல."

"நல்ல தொகைடி."

"அண்ணா, நான் ஒரு வரி கேக்கறேன். நீயும் வந்ததுலேர்ந்து ஒரு வரிதானே கேக்கற?"

அண்ணன் சாவியை மேஜைமேல் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "உங்க அண்ணிகிட்ட நான்தான் ஆரம்பிச்சேன்னு சொல்லியிருக்கேன்."

"எப்போ?"

"கல்யாணம் பேசறப்ப. பொண்ணு வீட்டுல 'பையன் வெறும் கடைதானா'ன்னு இழுத்தாங்க. அப்ப அப்பாதான், 'இல்லீங்க, இன்டர்நெட்ல கடை போட்டதே இவன்தான்'னு எடுத்து விட்டாரு. நான் ஆமான்னேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தான். "நீயும்தான் அங்க இருந்த. தண்ணி கொண்டு வந்து வச்சே. ஒண்ணும் சொல்லலையே?"

அது உண்மை. தட்டில் தம்ளர்களோடு நின்றது அவளுக்கு நினைவு இருக்கிறது. அண்ணனுக்கு நல்லபடியாக அமையட்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடிய வாய்க்கு இன்று வட்டி கேட்கிறான்.

"ரகசிய எண் எப்படிக் கிடைச்சுது?"

"அம்மாகிட்ட கேட்டேன்."

அண்ணன் எழுந்தான். இந்தத் தடவை அது பேர நடை இல்லை, நிஜமாகவே போகிறான். போகிறபோது அவள் தலையில் கை வைத்தான், சின்ன வயதில் வைப்பது போல. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம். உன்னை எதுவும் செய்யச் சொல்லலம்மா. ஒண்ணும் செய்யாம இரு, போதும். உனக்குத்தான் அது நல்லா வருமே."

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல குணம் ஒன்றைப் பாராட்டுகிறவன் மாதிரிதான் சொன்னான்.

மத்தியானம் மாடிப்படித் திருப்பத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுத்தவுடன் டக் டக் என்று சத்தம். அம்மா சாம்பிள் அட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். கடையில் ஆள் வைத்தாலும் அந்த வேலையை மட்டும் அம்மா விடமாட்டாள்.

"அம்மா, கடை மெயிலுக்கு ஒரு லெட்டர் வந்துச்சா?"

"எனக்கு மெயிலெல்லாம் என்னடி தெரியும்?"

"ஆர்டர் வந்தா படிச்சு அண்ணிக்குச் சொல்றது யாரு?"

டக் டக் நின்றது. "ஏதோ வந்துச்சு. பேரை மாத்தறோம், வேண்டாம்னா சொல்லுங்கன்னு. தள்ளி வச்சுட்டேன்."

"ஏன் தள்ளி வச்சே?"

"நீ பார்த்தா மனசு கஷ்டப்படுவேன்னுதான்."

"அப்ப நான் கஷ்டப்படற விஷயம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

வியாபாரி வீட்டுப் பெண்ணிடம் வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது. அம்மாவும் வியாபாரி வீட்டுப் பெண்தான். உடனே பக்கம் மாற்றினாள்.

"உங்கண்ணன் முகம் பார்க்கச் சகிக்கலடி. கடைக்கு ஆளே வரதில்ல. ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீ தனியா இருக்க, சம்பாதிக்கற, உனக்கு என்ன குறை? அவன் நம்பர் கேட்டான், படிச்சுச் சொன்னேன். பெத்த பிள்ளை கேட்டா எப்படிக் குடுக்காம இருக்கறது?"

"நானும் நீ பெத்தவதாம்மா."

"நீ எங்கடி கேட்ட?"

படியில் யாரோ இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தப் பக்கம் டக் டக் மறுபடி ஆரம்பித்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மேஜைக்கு வந்ததும் தாடியிடம் நேராகச் சொன்னாள். "காலையில தெரிஞ்சவங்க கடைன்னு சொன்னேன்ல. அது எங்க கடை. மாத்திக் கேட்டது எங்க அண்ணன். வாங்கப் போறவங்க நம்ம கருவியிலதான் விசாரிக்கப் போறாங்க."

தாடி, இல்லாத தாடியைத் தடவினான். "அப்ப இந்த வரியை நீங்க எழுதலாமா?"

நியாயமான கேள்வி. இன்று முழுக்க அவளை யாரும் கேட்காத மாதிரியான கேள்வி.

"எழுதறேன். யார் கடையா இருந்தாலும் அதேதான் எழுதணும். நீங்க வாசிச்சுப் பாருங்க. எங்கயாவது கோவம் தெரிஞ்சா அடிச்சுடுங்க."

எழுதினாள்:

'நிலை "பெண்டிங் டிரான்ஸ்ஃபர்" என்று இருந்தால், மாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது, முடியவில்லை என்று பொருள். முடியும்வரை பெயர் இப்போதைய உரிமையாளருடையதே. அவர் மறுக்கலாம். முடிந்துவிட்டதாகவோ, முடிந்துவிடும் என்றோ சொல்லாதே.

உரிமையாளர் பெயர் "மறைக்கப்பட்டது" என்று இருந்தால், உரிமையாளர் இல்லை என்று சொல்லாதே. உரிமையாளர் இருக்கிறார். உனக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவசரப்பட்டு வாங்குகிறவர்கள் பிறகு வருந்துவார்கள்.'

தாடி நிதானமாகப் படித்தான். கடைசி வரியில் கர்சரை வைத்து அழித்தான்.

"இது உங்க அண்ணனுக்கு. ஏஜென்ட்டுக்கு இல்ல."

"சரி."

"மத்தது எல்லாம் சரியா இருக்கு. முதல்லயே இப்படி இருந்திருக்கணும்."

"ஆமா" என்றாள் சின்னவள். "முதல்லயே இருந்திருக்கணும்."

வெயில் இறங்கும் நேரத்துக்குப் பக்கம் வெளியானது. தாடி கடைசி வெள்ளோட்டத்துக்கு அந்த உயிரில்லாத மாதிரிப் பெயரைப் போட்டான். அவன் கைகழுவப் போன நேரத்தில் சின்னவள் தன் கடையின் பெயரைப் போட்டாள். அதே கேள்வி. வாங்கலாமா, விசாரித்துச் சொல்.

'மாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது. முடியவில்லை. இந்தப் பெயருக்கு உரிமையாளர் இருக்கிறார். அவர் பெயர் வெளியிடப்படவில்லை. அவர் மறுக்கலாம். அவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.'

அவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இதை அவள் எழுதவில்லை. ஏஜென்ட்டு தானாகச் சேர்த்துக்கொண்டது. பெரியவர் முதல் அம்மா வரை யாருக்கும் தோன்றாதது, போன வாரம் வரை அவளை அறியாத ஒன்றுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தோஷப்படலாமா என்று பார்த்தாள். ஒரு மெஷின் வாயால் கேட்டுச் சந்தோஷப்படும் நிலைமைக்கு வந்தோமே என்றுதான் இருந்தது.

பக்கம் உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்தால் நாளைச் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிடும். மாற்றம் முடிந்த பிறகு ஏஜென்ட்டு அதையும் உண்மையாகத்தான் சொல்லும்: புது உரிமையாளர், தடை எதுவும் இல்லை. பெயர் அவளிடம் இருக்க வேண்டுமானால் அவளே போய் 'மறுக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் அம்மா தள்ளி வைத்த அந்த மின்னஞ்சலில் இருக்கிறது.

தன் கணினியில் கடை மின்னஞ்சலைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். 'கடவுச்சொல் இந்த வாரம் மாற்றப்பட்டது' என்றது. அண்ணன் வேலை.

பெயரைப் பதிந்து கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டாள். குரல் இனிமையாக இருந்தது. "பதிவில் இருக்கும் மின்னஞ்சலிலிருந்து மட்டுமே மறுக்க முடியும், மேடம். வேறு வகையில் மறுப்பதற்கு அடையாளம் காட்டி மனு அனுப்ப வேண்டும். அதற்குச் சில வேலை நாட்கள் ஆகும்."

திரையில் இன்னொரு வழி இருந்தது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா? உங்கள் போனுக்கு எண் அனுப்புகிறோம்.' உங்கள் போன் என்பது அம்மாவின் போன்.

சின்னவள் முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்த பிறகுதான் அந்த வழியை அழுத்தினாள்.

"அம்மா, இப்ப உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை எனக்குப் படிச்சுச் சொல்லு."

அந்தப் பக்கம் டிங் என்றது. அவளுக்கே கேட்டது.

"என்ன நம்பர்டி?"

"அண்ணனுக்குப் படிச்சியே, அது மாதிரி ஒண்ணு. மத்தியானம் சொன்னியே, நான் எங்க கேட்டேன்னு. இப்ப கேக்கறேம்மா. சொல்லு."

பட்டன் தைக்கும் சத்தம் நின்றது.

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன்" என்றாள் அம்மா.

"கழுத்துல தொங்கும் பாரு."

அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டுவிட்டாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. எண் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அது சில நிமிஷம்தான் உயிரோடு இருக்கும்.

"அம்மா."

"உங்கண்ணன் வந்துடட்டும்டி" என்றாள் அம்மா, மிகவும் சன்னமாக. "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

சின்னவள் போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.

அந்தப் பக்கம் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.